மாடித் தோட்டம்: தொட்டிக்குள் நடப்பது என்ன?

சென்னையிலோ கோவையிலோ உயரமான கட்டடம் ஒன்றின் மேலேறிச் சுற்றிப் பார்த்தால் மொட்டை மாடிகளில் இரண்டு வகைக் காட்சிகள் தென்படும். சில மாடிகளில் பந்தலில் பாகல் தொங்கும், கீழே கீரை தளதளவென்று நிற்கும். வேறு பல மாடிகளில் வெயிலில் வெளுத்துக் கிழிந்த பைகள், அவற்றுள் சுருங்கிக் காய்ந்த தென்னை நார்த்தூள், ஓரமாக இலையில்லாத ஒரு கறிவேப்பிலைக் குச்சி. இந்த இரண்டாம் வகை மாடிகளின் சொந்தக்காரர்கள் சோம்பேறிகள் அல்லர். விதையும் வாங்கினார்கள், உரமும் வாங்கினார்கள், காணொளிகளும் பார்த்தார்கள். முதல் அறுவடையைப் படம் பிடித்து உறவினருக்கு அனுப்பவும் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஏதோ பிசகியது.

அரசின் ஆதரவும் இதற்கு இல்லாமல் இல்லை. 2013-14ஆம் ஆண்டில் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் நகர்ப்புறக் காய்கறித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 இறுதியில் அதன் அடுத்த வடிவம் வந்தது. ஆறு பைகள், ஆறு தென்னை நார்க் கட்டிகள், ஆறு வகை விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, கொஞ்சம் வேப்ப எண்ணெய், ஒரு கையேடு: 900 ரூபாய் பெறுமான இந்தத் தொகுப்பு மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. தொடங்குவதற்குத் தேவையான எல்லாமே அதில் இருந்தன. தொடர்வதற்கான அறிவைத் தொகுப்பில் கட்டித் தர முடியாது என்பதுதான் சிக்கல்.

முந்தைய தலைமுறையின் புழக்கடையில் கையேடு எதுவும் இல்லை. கிணற்றடித் தண்ணீர் ஓடும் வழியில் வாழை, மூலையில் முருங்கை, மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் சுரைக்கொடி. யாரும் பெரிதாகக் கவனிக்காமலே அவை காய்த்தன. காரணம், அங்கே தரை பல வேலைகளைச் சம்பளமின்றிச் செய்துகொண்டிருந்தது. மிகுந்த நீரைக் கீழே இறக்கியது. நீர் வற்றினால் வேரை ஆழத்துக்குப் போகவிட்டது. மேலே 40 டிகிரி கொளுத்தினாலும் ஓர் அடி ஆழத்தில் குளுமையைக் காத்தது. இலைச்சருகையும் சாணத்தையும் மக்கவைக்கும் உயிர்களுக்கு இடம் கொடுத்தது. செடியை ஒரு பைக்குள் நட்டு மூன்றாம் மாடியில் வைத்த கணத்தில் இந்த வேலைகள் எல்லாம் வீட்டுக்காரர் தலையில் விழுகின்றன. தொட்டிச் செடியின் சாவு பெரும்பாலும் வேரில்தான் தொடங்குகிறது. இலை அந்தச் செய்தியைத் தாமதமாகத்தான் சொல்கிறது. ஆனால் கடைகளில் விற்பதும் காணொளிகளில் பேசப்படுவதும் பெரும்பாலும் இலைக்கான மருந்துகள்.

வேருக்குப் போகுமுன் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. நனைந்த தோட்டமண் கனமீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அப்படியானால் அரையடி உயரத்துக்குப் பாத்தி கட்டி மண் நிரப்பினாலே அந்த வரம்பு தாண்டிப் போகிறது. மாடியில் செங்கல் அடுக்கி வயல்போல் பாத்தி கட்டும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. பெரிய தொட்டிகளை உத்திரங்களும் சுவர்களும் போகும் வரிசையின் மேல் வைக்க வேண்டும். நடுத்தளத்தில் குவிக்கக் கூடாது. பைகளைத் தரையில் நேரே வைக்காமல் செங்கல்மேலோ இரும்புச் சட்டத்திலோ வைத்தால் கீழே ஈரம் தங்காது. தளத்தில் ஏற்கெனவே ஒழுகல் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை தோட்டம் காத்திருக்கட்டும்.

இந்த எடைச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான் தென்னை நார்த்தூள், கடைமொழியில் கோகோபீட். பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் கயிற்றாலைகளின் ஓரம் மலையாகக் குவிந்து தொல்லையாக இருந்த கழிவு இன்று கட்டிகளாகக் கப்பலேறுகிறது. தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்துவைக்கும், வேருக்கு இடமும் விடும். ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. பலர் அதை அறியாமலே பையை நிரப்புகிறார்கள். ஒன்று, பச்சை நார்த்தூளில் உப்பு இருக்கும். அதை ஊறவைத்து, பழுப்பு நீரை வடித்து, இரண்டு மூன்று முறை அலசிய பின்பே பயன்படுத்த வேண்டும். மற்றது, அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. மக்காத நார்த்தூளில் இரண்டுக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவையும் தாண்டும். அதை மக்கவைக்க முனையும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். நன்றாக முளைத்த நாற்று இரண்டு வாரத்தில் மஞ்சளித்து நின்றுவிடுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானையும் யூரியாவையும் கொண்டு நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருவதும் இதனால்தான். வீட்டளவில் எளிய வழி, நார்த்தூளைத் தனியாக நம்பாமலிருப்பது. அலசிய நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து தண்ணீர் தெளித்துப் பத்து நாள் ஆறவிட்டு நட்டால் கலவையின் சூடு தணிந்திருக்கும். தொழுவுரம் என்ற பெயரில் வரும் பச்சைச் சாணம் இந்தப் பத்து நாளில் மக்காது. அதை வாங்கவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் உடைந்த ஓடும் ஜல்லியும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஆலோசனை. அது பலிக்காது. நுண்ணிய துகள்களான மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலிருக்கும் மண் முற்றிலும் நனைந்து நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் எப்போதும் தங்கும் அந்தச் சதசதப்பான அடுக்கை ஜல்லி மேலே தூக்கிவிடுகிறது. வேருக்குரிய இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. துளையின்மேல் மண் சரியாதபடி ஒரே ஓர் ஓட்டுச்சில்லு போதும். துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதை மாதம் ஒரு முறை குனிந்து பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

தண்ணீர் விஷயத்தில் "காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை" என்ற சட்டம்தான் பெரிய கேடு. வேருக்கு நீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். எப்போதும் நனைந்திருக்கும் கலவையில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, செடி தலைதொங்கும். அதைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். வாடலுக்குத் தாகமும் காரணமாகலாம், மூழ்கலும் காரணமாகலாம் என்பதால் இலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். பையை லேசாகத் தூக்கிப் பார்த்துக் கனத்தை உணர்வது அதைவிட நல்ல பழக்கம்; சில வாரங்களில் கைக்கு அது வசப்பட்டுவிடும். ஊற்றும்போது அடித்துளையில் சொட்டும்வரை முழுதாக ஊற்றி, அடுத்த முறை மேல்மண் காயும்வரை பொறுப்பதே முறை. கோடையில் சிறிய பைகளுக்கு இது ஒரு நாளில் இரண்டு முறைகூட ஆகலாம். ஐப்பசியில் ஒரு வாரம் குழாய்ப் பக்கமே போக வேண்டியிராது. கீரைக்கு இலைமேல் படாமல் வேரோரம் விடுவது நல்லது. அரைக்கீரை, தண்டுக்கீரை இலைகளின் அடியில் வெள்ளைக் கொப்புளம்போல வரும் பூசண நோய், நனைந்த இலையில்தான் வேகமாகப் பரவுகிறது.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து, தோல்போலக் காய்ந்து குழிவதைப் பலர் நோயென்று எண்ணி மருந்து அடிக்கிறார்கள். இன்னும் சிலர் முட்டையோட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான் கோளாறு என்பது உண்மை. ஆனால் அந்தச் சத்து நீரோடுதான் நகரும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் எவ்வளவு இருந்தும் காய்க்கு எட்டாது. முட்டையோடு கரைய மாதங்கள் ஆகும். மருந்துக்கு இதில் வேலையே இல்லை. ஒரே சீராக ஈரம் காத்து, மேலே சருகு மூடாக்குப் போட்டால் அடுத்த கொத்து சரியாக வரும்.

சென்னையின் கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே தனிச் சோதனை. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது உப்பு. வீட்டுச் சுத்திகரிப்பு எந்திரம் கழிக்கும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம் என்று பெருமைப்படுபவர்கள், மூல நீரிலிருந்த உப்பெல்லாம் செறிந்திருப்பது அந்த நீரில்தான் என்பதை நினைக்க வேண்டும். அது தரை கழுவத்தான் உதவும். மழைநீரைப் பிடித்துவைத்து மாதம் ஒரு முறை தொட்டியை நன்றாக அலசிவிட்டால் உப்பு இறங்கும்.

வேரும் நீரும் சரியானால் அடுத்தது காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை எல்லோரும் சொல்வார்கள். மாடியில் பத்துக் குழாய் இருக்கும்போது பட்டம் எதற்கு என்று உள்ளுக்குள் நினைப்பார்கள். பட்டம் மழைக் கணக்கு மட்டும் என்று நினைப்பதால் வரும் பிழை இது. பழைய பந்தல் அவரை வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். சென்னையில் ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலுக்கும் மார்கழியின் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வேறுபாட்டை அவரைக்கொடி அளந்துகொள்கிறது. தையில் விதைத்து எத்தனை உரம் போட்டாலும் அது கொடியாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆடியில் போட்டால் பந்தல் நிறையத் தழைத்து, பகல் சுருங்கும் பருவத்தில் பூவெடுத்து, பொங்கல் குழம்புக்குக் காய் கொடுக்கும். ஆண்டு முழுதும் காய்க்க வேண்டுமானால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

தக்காளிக்கு நீளம் பொருட்டல்ல, வெப்பம்தான் பொருட்டு. பகல் 35 டிகிரியையும் இரவு 25 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் சென்னை மாடியில் தக்காளிப்பூ கொட்டுவதைப் பார்த்து நுண்ணூட்டக் கலவை வாங்க ஓடுவது காசுக்குக் கேடு. கொத்தமல்லியும் அந்தக் கோடையில் தழைக்காமல் பூத்துவிடும். வெயிலுக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி, பருப்புக்கீரை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அவற்றோடு போவதே மரியாதை. கோவைக்கும் குமரிக்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, சென்னைக்கும் நாகைக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் மழை. ஆகவே ஓர் ஊர்க்காரரின் விதைப்பு அட்டவணையை அப்படியே இன்னோர் ஊர்க்காரர் பின்பற்றுவதில் பொருளில்லை. டிசம்பர்ப் புயலுக்கு முன்பு பந்தலைத் தளர்த்தி, நிழல்வலையைக் கழற்றி, தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறக்கிவைக்க வேண்டும் என்பதை 2016-இல் வர்தா சென்னைக்காரர்களுக்குக் கற்பித்தது.

காய்கறிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். பால்கனியில் மூன்று மணி நேரம்தான் விழுகிறது என்றால் கத்தரியை மறந்துவிட்டுப் புதினா, கற்பூரவல்லி, வெற்றிலை, பொன்னாங்கண்ணி என்று திரும்பலாம். மாறாகச் சித்திரை வெயில் மாடிக்குத் தேவைக்கு மேல். அப்போது பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை இலையைக் காக்கும். கறுப்புப் பையின் மேற்குப் புறத்தில் படும் மாலை வெயில் வேரையே வேகவைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாலோ பைகளை நெருக்கி வைத்தாலோ போதும்.

பந்தல் காய்களில் அடிக்கடி எழும் புலம்பல், "பூ நிறைய வருது, காய் நிக்கல" என்பது. சுரை, புடல், பீர்க்கு, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவன ஆண் பூக்கள். அவை உதிரத்தான் உதிரும். பெண் பூவின் அடியில் குட்டிக்காய் ஒன்று ஒட்டியிருக்கும். அதற்கு மகரந்தம் கொண்டுவர வண்டோ தேனீயோ வேண்டும். ஐந்தாம் மாடிக்கு அவை எப்போதும் வருவதில்லை. எனவே கையால் செய்ய வேண்டும்: ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். இதில் நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியலில் மலரும், ஆகவே காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். புடலங்கொடி அந்தி சாய்ந்த பிறகுதான் தன் வெள்ளை இழைப்பூவை விரிக்கும். காலையில் காப்பிக் கோப்பையோடு போய்ச் சுரைக்கு மகரந்தச் சேர்க்கை செய்பவர் வாடிய பூவைத்தான் தடவிக்கொண்டிருப்பார். மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ பறிப்பவர்கள் ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்க்குச் சேதமில்லை.

மாடித் தோட்டக்காரர்களை அதிகம் சோர்வடையச் செய்வது மாவுப்பூச்சி. செம்பருத்தியின் குருத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் படிந்து, இலையைச் சுருட்டி, கீழே பிசுபிசுப்பை வழியவிடும். இதைப் பற்றித் தமிழகத்திடம் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி அது. இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. ஈரோடு, திருப்பூர், சேலம் வட்டாரத்து விவசாயிகள் மருந்துமேல் மருந்து தெளித்தார்கள். மெழுகுப் பூச்சுக்குள் இருந்த பூச்சிக்கு அது எட்டவில்லை. 2010-இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்து தெளிப்பதை நிறுத்திய தோட்டங்களில்தான் குளவி நன்றாகப் பெருகியது என்பது இக்கதையில் மாடிக்காரருக்குள்ள பாடம்.

எல்லா மாவுப்பூச்சியும் அந்த ஒரே இனமல்ல. இருந்தாலும் அணுகுமுறை ஒன்றுதான். முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காத்து, செடிவிட்டுச் செடி சுமந்துபோவது எறும்புதான். அடுத்து, மோசமான கிளைகளை வெட்டிப் பைக்குள் கட்டி வெளியேற்ற வேண்டும். மீதியைக் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்க்கலாம். அதன் பிறகே வேப்ப எண்ணெய்: ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி, கூடவே சிறிது காதிச் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய. வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சிதைந்துவிடும், எண்ணெய்ப் படலம் இலையையும் கருக்கும். தெளிக்குமுன் உற்றுப் பார்ப்பது அவசியம். மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை இழைகளோடு, ஆனால் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் ஓடும் புழு ஒன்று தென்பட்டால் அதைக் கொல்லக் கூடாது. அது 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பொறிவண்டின் குட்டி. மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பதும், சில நாளில் பச்சைப் புழுவாகத் திரண்டு இலையை மொட்டையடிப்பதும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குஞ்சு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால் அதற்கு இரண்டும் ஒன்றே. கையால் பொறுக்கினால் போதும். இரண்டு மூன்றைப் பட்டாம்பூச்சியாகப் பறக்கவிடுவது வீட்டுக்காரரின் தாராளம். வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாகப் பின்னிக்கொண்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி, மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டு, அடுத்த முறை தாங்கும் ரகமாக விதைக்க வேண்டியதுதான். அணிலுக்கும் புறாவுக்கும் வலையைத் தவிர வழியில்லை. குரங்கு வரும் ஊரில் கீரையோடு நிறுத்திக்கொள்வது விவேகம்.

இனி, தோட்டக்காரர்கள் அதிகம் பேசும் விஷயமான கரைசல்கள். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பயிருக்கு ஏற்றபடி வடிவமைத்துப் பரப்பிய பஞ்சகவ்யம், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் இயக்கத்தோடு ஊரெங்கும் பரவிய அமிர்தக் கரைசல், மீன் அமிலம், தேமோர்க் கரைசல் என்று மாடிகளில் வாளி வாளியாக ஊறுகின்றன. இவற்றைப் புறந்தள்ளவும் வேண்டாம், சாப்பாடாகவும் எண்ண வேண்டாம். மூன்று விழுக்காட்டு அளவில், அதாவது லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கும் பஞ்சகவ்யம் வளர்ச்சியைத் தூண்டும். அதில் செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்து சொற்பம். ஆறு மாதம் காய்த்த கத்தரி எடுத்துக்கொண்ட சத்தைத் திருப்பித் தர அது போதாது. அதற்குக் கனமான ஆகாரம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய ஏழு விழுக்காடு, வேப்பம் புண்ணாக்கில் ஐந்து. மண்புழு உரத்தில் இரண்டுக்குள்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு கை மக்கு உரமும், ஊறவைத்துப் பத்து மடங்கு நீரில் கலந்த புண்ணாக்குத் தண்ணீரும் கொடுத்தால் பெரும்பாலான காய்கறிக்குச் சரிப்படும். வாழைப்பழத்தோல் தண்ணீர், தேயிலைத்தூள், அரிசி கழுவிய நீர் ஆகியவற்றால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. அவற்றை மக்குத் தொட்டியில் போடுவதே முறை. ஈரமான சமையல் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு பங்கு என்று அடுக்கினால் நாறாது. நாறுகிறதென்றால் சருகு போதவில்லை.

மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் உரத்தைவிடக் கத்தரிக்கோல் முக்கியம். இராமேசுவரம் தங்கச்சிமடத்திலிருந்து தமிழகமெங்கும் போகும் மல்லிகைப் பதியன்கள் வீட்டுக்கு வந்ததும் கொடியாக நீள்வதைப் பார்த்து மகிழ்ந்து, வெட்ட மனம் வராமல் விட்டுவிடுகிறார்கள். புதுத் தளிரில்தான் மல்லிகை பூக்கும். நவம்பர்க் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்து, இலையை உருவி, தொழுவுரம் வைத்தால் மாசி, பங்குனியிலிருந்து பூ கொட்டும். நிழலில் வைத்த மல்லிகைக்கு எந்த வைத்தியமும் பலிக்காது.

வீட்டுக்குள் வைக்கும் செடிகளைக் கண்ணுக்காக வளர்க்கலாம். அவை அறையின் காற்றைத் தூய்மை செய்யும் என்ற விளம்பரம் 1989-இல் நாசா அடைத்த சிறு கூண்டுகளில் செய்த சோதனையை நீட்டிப் படித்ததால் வந்தது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பழைய சோதனைகளை எல்லாம் மறுபடி கணக்கிட்டார்கள். சன்னல் வழியாக வரும் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, சில கணக்குகளில் ஆயிரம் செடிவரை வேண்டும் என்று அவர்களுக்கு விடை கிடைத்தது. சன்னலைத் திறப்பது மலிவு. மணிபிளான்ட் புட்டியும் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டும் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் கொட்டிக் கவிழ்த்துத் தேய்க்காதவர் செடியோடு காய்ச்சலையும் வளர்க்கிறார்.

கணக்குப் பார்த்தால் மாடித் தோட்டம் சந்தையை வெல்லாது. பை, கலவை, வலை, விதை எல்லாம் சேர்த்தால் முதல் ஆண்டுத் தக்காளி கடைத் தக்காளியைவிட விலை கூடியதாகவே இருக்கும். கீரையிலும் கறிவேப்பிலையிலும் புதினாவிலும் மட்டும் கணக்கு வீட்டுக்காரர் பக்கம் திரும்பும். வேண்டியபோது வேண்டிய அளவு பறிக்கலாம், பூச்சிக்கொல்லி பயமில்லை, மீந்து வாடுவதில்லை. நாட்டு விதையா வீரிய ஒட்டா என்ற வாதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது. சுரையும் பூசணியும் அக்கம்பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும் என்பதால் விதைக்கென்று விடும் பெண் பூவை மலருமுன் துணியால் கட்டி, கையால் சேர்க்கை செய்து காக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் ஆண்டில் பத்துப் பைக்கு மேல் வேண்டாம். பாதியில் கீரையை மாற்றி மாற்றி விதையுங்கள். 25 நாளில் பறிக்கலாம் என்பதால் பிழை தெரிந்து திருத்தவும் நேரம் கிடைக்கும். இரண்டில் கத்தரி, ஒன்றில் வெண்டை, ஒரு பெரிய தொட்டியில் கறிவேப்பிலை, மிச்சத்தில் பந்தலேறும் ஒரே ஒரு கொடி. ஆனி பாதியிலேயே கலவையைத் தயாரித்து ஆறவிட்டு, ஆடியில் விதையைப் போடுங்கள். மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.